கிரேவியோடு சிக்கன் வாஃபிள்: வேகவைத்த கோழியா, பொரித்த கோழியா, ஓவனில் வாட்டியதா?

சிக்கன் வாஃபிளை, அதாவது கட்டம் கட்டமாகக் குழி விழ வார்த்த வாஃபிள் என்னும் அப்பத்தோடு கோழி சேர்ந்த உணவை, வீட்டில் செய்து பார்க்க விரும்பும் வாசகர்களின் கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கின்றன. ஒரு செய்முறை, கோழியை முழுதாக வேகவைத்து, சதையைப் பிய்த்து, அந்தச் சாற்றிலேயே கிரேவி செய்து வாஃபிளின் மேல் ஊற்றச் சொல்கிறது. இன்னொன்று, கோழித் துண்டுகளைக் கெட்டி மோரில் ஊறவைத்து, மைதாவில் புரட்டி, எண்ணெயில் பொரித்து, மிளகு தூவிய பால் கிரேவியோடு வைக்கச் சொல்கிறது. மூன்றாவது, பொரிப்பதெல்லாம் எதற்கு, ஓவனில் வாட்டினால் போதும் என்கிறது. மூன்றுக்கும் பெயர் ஒன்றே. செலவும் நேரமும் ருசியும் வெவ்வேறு. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு ஆறு பேரை அழைத்துவிட்டு, இந்த மூன்றில் எதைச் செய்வது என்று யோசித்துக்கொண்டிருப்பவருக்காக எழுதப்படுவது இக்கட்டுரை.

ஒரே பெயரில் இத்தனை வகைகள் இருப்பதற்குக் காரணம், இந்த உணவு அமெரிக்காவில் இரண்டு தனித்தனி வழிகளில் வளர்ந்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் வட்டாரத்தில், ‘பென்சில்வேனியா டச்சு’ என்று அழைக்கப்படும் ஜெர்மானிய வழிவந்த குடும்பங்களிடம், வேகவைத்த கோழியும் அதன் சாற்றில் செய்த கிரேவியும் வாஃபிளும் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஞாயிறு விருந்தாகிவிட்டன. தேவாலயங்களும் தன்னார்வத் தீயணைப்புப் படையினரும் நிதி திரட்ட நடத்தும் விருந்துகளில் இன்றும் அங்கே அதைத்தான் பரிமாறுகிறார்கள். பொரித்த கோழி தெற்கு மாநிலங்களின் சொத்து. அங்கிருந்து வடக்கே குடிபெயர்ந்த கறுப்பினத்தவர்களோடு அது நியூயார்க்கின் ஹார்லெமுக்குச் சென்றது. 1938-இல் அங்கே தொடங்கப்பட்ட வெல்ஸ் உணவகம் பொரித்த கோழியையும் வாஃபிளையும் இணைத்துப் பெயர் பெற்றது. 1975-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய ராஸ்கோஸ் உணவகம் அதே இணையை மேற்குக் கடற்கரையில் புகழ்பெறச் செய்தது. இந்த இரண்டாவது வழியில் வாஃபிளின் மேல் வெண்ணெயும் இனிப்புப் பாகான சிரப்பும்தான் முதன்மை. கிரேவி விரும்பினால் சேர்த்துக்கொள்வது. ஆகவே, “கிரேவியோடுதான் வேண்டும்” என்று ஒருவர் தீர்மானித்துவிட்டால், அவருடைய முடிவில் பாதி அப்போதே எடுக்கப்பட்டுவிட்டது என்பது என் கருத்து. மீதிப் பாதிக்குத்தான் கீழ்க்காணும் ஒப்பீடு.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல் கிரேவியின் ருசி எங்கிருந்து வருகிறது என்பது. கொழுப்பில் வறுத்த மைதா கிரேவிக்குக் கெட்டித்தன்மையைத்தான் தரும். ருசியை எலும்பிலிருந்து இறங்கிய சாறோ, பாத்திரத்தின் அடியில் சிவந்து ஒட்டியிருக்கும் படிவோ தர வேண்டும். இரண்டும் இல்லாத கிரேவி மிளகு போட்ட மைதாக் கஞ்சியைப் போலத்தான் இருக்கும். கோழியை எப்படிச் சமைக்கிறோம் என்பதே எந்த வகைக் கிரேவி கிடைக்கும் என்பதையும் நிர்ணயிப்பதால், இதை முதலில் வைக்கிறேன்.

இரண்டாவது, மூன்று பொருள்களும் ஒரே நேரத்தில் சூடாக மேசைக்கு வர முடியுமா என்பது. ஒரு நேரத்தில் ஒரே வாஃபிள் வார்க்கும் சாதனத்தில் ஒன்றுக்கு நான்கு முதல் ஐந்து நிமிடம் ஆகும். ஆறு பேருக்கு அரைமணி நேரம். அந்த அரைமணி நேரமும் கோழிக்கு உங்கள் கண்ணும் கையும் தேவைப்பட்டால், சமையலறையில் இரண்டு பேர் நிற்க வேண்டும் அல்லது ஏதோ ஒன்று ஆறிப்போக வேண்டும். செய்முறைக் குறிப்புகள் கோழிக்கு ஒரு நேரம், வாஃபிளுக்கு ஒரு நேரம், கிரேவிக்கு ஒரு நேரம் என்று தனித்தனியாக எழுதிவிட்டு இந்தச் சிக்கலைத் தொடாமலே போய்விடுகின்றன.

மூன்றாவது, மொறுமொறுப்பு எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்பது. கிரேவி பட்ட எதுவும் சில நிமிடங்களில் நமத்துப்போகும். அதைக் குறையாக எண்ணுகிறீர்களா, அதுதான் வேண்டும் என்கிறீர்களா என்பது அவரவர் விருப்பம். நான்காவது, கண்ணுக்குத் தெரியாத செலவுகள்: எண்ணெய், வாடை, துலக்க வேண்டிய பாத்திரம், முந்தைய நாள் வேலை. ஐந்தாவது, மிச்சமானால் மறுநாள் உண்ணத் தகுந்ததாக இருக்குமா என்பது.

## வேகவைத்த கோழியும் சாற்றுக் கிரேவியும்

ஆறு பேருக்கு 1.8 கிலோ எடையுள்ள முழுக் கோழி ஒன்று போதும். வெந்தபின் எலும்பு நீக்கினால் சுமார் 600 கிராம் சதை கிடைக்கும். வெங்காயம் ஒன்று, செலரித் தண்டு இரண்டு, கேரட் ஒன்று, பிரிஞ்சி இலை, பத்துப் பதினைந்து முழு மிளகு ஆகியவற்றோடு கோழி மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழும் நிலையிலேயே வேகவிட வேண்டும். தளதளவென்று கொதிக்க விட்டால் கொழுப்பு சாற்றோடு கலந்து சாறு கலங்கிவிடும். நெஞ்சுக்கறியும் நார் நாராகி வறண்டுபோகும். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் கடையில் கிடைக்கும் சாதாரணக் கோழி வெந்துவிடும். சதையைப் பிய்த்தெடுத்தபின் எலும்பையும் தோலையும் திரும்பச் சாற்றில் போட்டு இன்னும் அரைமணி நேரம் கொதிக்கவிடுவது இந்த முறையின் உயிர்நாடியான படி. இதைத் தவிர்ப்பவர்கள்தான் “கிரேவி சப்பென்று இருக்கிறது” என்று பிறகு குறைப்படுகிறார்கள்.

கிரேவியின் கணக்கு எளிது. ஒரு லிட்டர் சாற்றுக்கு 70 கிராம் மைதா, அதே எடைக்கு வெண்ணெய். வெண்ணெய்க்குப் பதிலாகச் சாற்றின் மேல் மிதக்கும் கோழிக் கொழுப்பை வழித்தெடுத்துப் பயன்படுத்தினால் ருசி கூடும். மைதாவைச் சிறு தீயில் பச்சை வாசனை போகும்வரை, ஆனால் சிவக்கவிடாமல், இரண்டு மூன்று நிமிடம் வறுத்து, சாற்றைக் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றிக் கம்பிக் கரண்டியால் அடித்துக் கலக்கினால் கட்டி தட்டாது. கரண்டியின் முதுகில் பூசினாற்போல் ஒட்டி, விரலால் கோடிழுத்தால் கோடு அழியாமல் நின்றால் அதுவே பதம். பிய்த்த கோழியைக் கடைசியில் சேர்த்துச் சூடாக்கினால் போதும், மேலும் வேக வேண்டியதில்லை. லங்காஸ்டர் வட்டாரத்தில் இந்தச் சாற்றில் ஒரு சிட்டிகை குங்குமப்பூ சேர்ப்பவர்கள் உண்டு. அங்கே குங்குமப்பூ நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு வந்திருக்கிறது. பார்ப்பதற்கு வெளிறியிருக்கும் கிரேவிக்கு அது இளமஞ்சள் நிறமும் மணமும் தருகிறது.

இந்த முறையின் பெரிய பலம் வேளை. கோழியையும் சாற்றையும் சனிக்கிழமை மாலையே முடித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம். மறுநாள் சாற்றின் மேல் உறைந்த கொழுப்பைத் தகடாக எடுப்பதும் எளிது. பரிமாறும் நேரத்தில் கிரேவி அடுப்பின் ஓர் ஓரத்தில் சிறு தீயில் தானாகச் சூடாக இருக்க, உங்கள் இரண்டு கையும் வாஃபிளுக்கு. நாற்பது பேருக்குப் பரிமாறும் விருந்துகளில் இந்த முறை நிலைத்திருப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மறைவான செலவு நேரமும் கை வேலையும்தான். சூட்டோடு சதையைப் பிய்த்து, சிறு எலும்பு ஒன்றும் தங்காமல் தடவிப் பார்ப்பதற்குக் கால் மணி நேரம் போகும். குழந்தைகள் உண்ணப்போகிறார்கள் என்றால் கழுத்து, முதுகுப் பகுதிச் சதையை விட்டுவிடுவதே பாதுகாப்பு. இன்னொரு குறை தோற்றம்: வெளிர் நிறக் கோழி, வெளிர் நிறக் கிரேவி, அடியில் பழுப்பு வாஃபிள். பார்த்தவுடன் நாவூறச் செய்யும் தட்டு இது அன்று. நறுக்கிய பார்ஸ்லி இலையும் நிறையக் கருமிளகும் தூவினால் ஓரளவு சரியாகும். புளிப்புக்காக வினிகரில் ஊறிய முட்டைக்கோஸ் பச்சடியைப் பென்சில்வேனியாவில் பக்கத்தில் வைப்பது அலங்காரத்துக்காக அன்று. வாயை நிறைக்கும் கொழுப்பையும் மாவையும் கடந்து அடுத்த கவளத்துக்குப் போக அது தேவை.

அமெரிக்க நகரங்களில் ஹலால் கடைகளிலும் ஆசியக் கடைகளிலும் முட்டையிட்டு ஓய்ந்த முதிர்கோழி கிடைக்கும். இறுகிய சதை, இரண்டு மூன்று மணி நேரம் வேக வேண்டும், ஆனால் சாற்றின் ருசிக்கு இணையில்லை. நாட்டுக்கோழிக் குழம்புக்கு விசில் கணக்குப் பார்த்துப் பழகிய கைக்கு இது புதிதல்ல. பிரஷர் குக்கரில் வைத்தால் நேரம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

## பொரித்த கோழியும் பால் கிரேவியும்

பொரித்த கோழியின் மேல் கிரேவியை ஊற்றுவது, பாடுபட்டு உண்டாக்கிய மொறுமொறுப்பை நம் கையாலேயே கெடுத்துக்கொள்வதாகும். ஆகவே இந்த முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் கிரேவியை வாஃபிளின் மேல் பரப்பி, அதன் மேல் கோழியை வைக்க வேண்டும். அல்லது கிரேவியைத் தனிக் கிண்ணத்தில் வைத்துத் தொட்டுக்கொள்ள வேண்டும். இந்த வரிசையை ஏற்றுக்கொண்டால்தான் கீழே சொல்லும் உழைப்புக்குப் பொருள் உண்டு.

கோழிக் கால், தொடைத் துண்டுகளுக்கு ஒரு கிலோவுக்கு 15 கிராம் உப்புக் கணக்கில் பூசி, கெட்டி மோரில் இரவு முழுதும் ஊறவிட வேண்டும். மைதா ஐந்து பங்கு, கார்ன்ஃப்ளார் ஒரு பங்கு, மிளகுத்தூள், மிளகாய்த்தூள் கலந்த மாவில் இரண்டு மூன்று கரண்டி மோரைத் தெளித்து விரலால் பிசறிவிட்டால் மாவில் சிறு சிறு உருண்டைகள் உண்டாகும்; அவைதான் பொரிந்தபின் மேற்பரப்பில் கரடுமுரடாக மொறுமொறுக்கும். மாவில் புரட்டிய துண்டுகளைக் கால் மணி நேரம் கம்பித் தட்டில் வைத்திருந்தால் மாவு ஈரத்தை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும், எண்ணெயில் உதிராது. எண்ணெய் 175 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது துண்டுகளைப் போட வேண்டும். போட்டவுடன் சூடு 150-ஐ ஒட்டி இறங்கிவிடும், அந்நிலையிலேயே காத்துக்கொண்டால் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடத்தில் வேகும். எலும்பை ஒட்டிய இடத்தில் 74 டிகிரி என்பது பாதுகாப்புக்கான குறைந்த அளவு. கால், தொடைக்கறி 80-ஐத் தாண்டினால்தான் இணைப்புத் திசுக்கள் இளகி மென்மையாகும். தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்ய முடியும், ஆனால் விருந்தினர் காத்திருக்கும்போது செய்ய வேண்டாம்.

இப்போது கிரேவி. வழக்கமான குறிப்பு, பொரித்த எண்ணெயில் மூன்று மேசைக்கரண்டி எடுத்து, மூன்று மேசைக்கரண்டி மைதாவை வறுத்து, இரண்டு கப் பாலை ஊற்றி, அரைத் தேக்கரண்டி கரகரப்பான மிளகுத்தூளும் உப்பும் சேர்க்கச் சொல்லும். இது வார்ப்பிரும்பு வாணலியில், துண்டுகள் பாதி மூழ்கும் அளவு எண்ணெயில் பொரித்தவர்களுக்காக எழுதப்பட்ட குறிப்பு. அப்படிப் பொரிக்கும்போது மாவுத் துகள்களும் கோழியின் சாறும் வாணலியின் அடியில் சிவந்து படிகின்றன. கிரேவியின் ருசி முழுவதும் அந்தப் படிவில் இருக்கிறது. ஆழமான பாத்திரத்தில் ஒன்றே கால் லிட்டர் எண்ணெய் ஊற்றி முழுக்கப் பொரித்தால் அந்தப் படிவு கிடைக்காது. மிதக்கும் துகள்களோ இரண்டாம் ஈட்டிலேயே கருகிக் கசக்கத் தொடங்கும். அந்த எண்ணெயில் செய்த கிரேவி பாலும் மிளகும் மட்டுமாக நிற்கும். ஆழப் பொரிப்பவர்கள் கோழியின் முதுகெலும்பு, இறக்கை நுனிகளைக் கொண்டு முன்கூட்டியே ஒரு கப் சாறு எடுத்துவைத்து, பாலும் சாறும் சரிபாதியாக ஊற்றினால் இந்தக் குறை தீரும்.

மறைவான செலவுகள் இங்கே அதிகம். பொரித்த எண்ணெயை வடிகட்டி இன்னும் ஓரிரு முறை பயன்படுத்தலாம். அதற்குமேல் அதை ஆறவைத்துப் புட்டியில் அடைத்துக் குப்பையில் போட வேண்டும், பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். அடுக்குமாடிக் குடியிருப்பில், சன்னலைச் சாத்திவைக்கும் குளிர்காலத்தில், வாடை இரண்டு நாள் திரைச்சீலையை விட்டு நீங்காது. புகை எச்சரிக்கைக் கருவி கூவினாலும் வியப்பில்லை. ஒரு வாணலியில் ஒரு நேரத்தில் நான்கு துண்டுக்கு மேல் போடக் கூடாது என்பதால், ஆறு பேருக்குப் பன்னிரண்டு துண்டு என்றால் மூன்று ஈடு, அதாவது முக்கால் மணி நேரம் எண்ணெய்ச் சட்டியை விட்டு நகர முடியாது. அதே நேரத்தில் வாஃபிளும் வார்க்க வேண்டும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பொரித்த துண்டுகளை 95 டிகிரி ஓவனில் கம்பித் தட்டின் மேல் வைத்துச் சூட்டைக் காக்கலாம், ஆனால் அந்த இடத்துக்கு வாஃபிளும் போட்டியிடும்.

இத்தனை குறை சொன்ன பிறகும், இரண்டு முதல் நான்கு பேர் உள்ள வீட்டில், பொரித்தவுடன் நேரே தட்டுக்கு வரும் கோழிக்கு ஈடாக மற்ற எந்த முறையும் நிற்காது என்பதை மறைக்க விரும்பவில்லை. தடித்த மேற்பட்டை உடைந்து உள்ளிருந்து ஆவி கிளம்பும் அந்தக் கடி வேகவைத்த கோழியில் கிடைக்காது.

## ஓவனில் வாட்டிய கோழி

இதை நடுவழி என்று பலரும் நினைக்கிறார்கள். கிரேவியைப் பொறுத்தவரை முதல் முறைக்கு இணையாக நிற்கக்கூடியது என்பேன். தோலோடும் எலும்போடும் உள்ள தொடைத் துண்டுகளை நன்கு துடைத்து, ஒரு கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி உப்பும் இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் கலந்து தடவி, மூடாமல் குளிர்பதனப் பெட்டியில் இரவு வைத்துவிட வேண்டும். தோலின் ஈரம் வற்றி, பேக்கிங் பவுடரின் காரத்தன்மையால் தோல் விரைவில் சிவந்து மொறுமொறுப்பாகும். 220 டிகிரியில் கம்பித் தட்டின் மேல் முப்பத்தைந்து முதல் நாற்பத்தைந்து நிமிடம்; கீழே உள்ள தட்டில் கனமாக நறுக்கிய வெங்காயத் துண்டுகளையும் அரைக் கப் தண்ணீரையும் வைத்தால், சொட்டும் சாறு கருகாமல் சேரும். இந்தத் தண்ணீர் முக்கியம். அது இல்லாமல் அந்தச் சூட்டில் சாறு தட்டில் கரியாகிவிடும். பிறகு கிரேவிக்கு ஒன்றும் மிஞ்சாது.

தட்டில் சேர்ந்த கொழுப்பைப் பிரித்து அதில் மைதாவை வறுத்து, அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் கரைத்துச் சாற்றோடு சேர்த்தால், செம்பழுப்பு நிறத்தில், பொரித்த கோழியின் பால் கிரேவியைவிட ஆழமான ருசியுள்ள கிரேவி கிடைக்கும். ஆறு துண்டிலிருந்து சேரும் சாறு கொஞ்சமே என்பதால், இதற்கும் இரண்டு கப் கோழிச் சாறு கையில் இருக்க வேண்டும்.

முக்கால் மணி நேரம் கோழியைத் தொடவே வேண்டியதில்லை. கை முழுதும் வாஃபிளுக்குக் கிடைக்கிறது. மறைவான செலவு, 220 டிகிரியில் ஓவன் வேலை செய்யும்போது வாஃபிளைச் சூடாக வைக்க இடம் இல்லாமல் போவது. கோழியை வெளியே எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டு, ஓவன் கதவைத் திறந்து சூட்டைக் குறைத்து, வாஃபிள்களை அப்போது உள்ளே வைப்பதுதான் வழி. மாவில் புரட்டி ஓவனில் வைத்து அதைப் பொரித்ததாக எண்ணிக்கொள்ளும் குறிப்புகளை நான் பரிந்துரைப்பதில்லை. மாவு சில இடங்களில் வெள்ளையாகவே நிற்கும், சில இடங்களில் காய்ந்து பெயர்ந்துவிடும். ஓவனுக்குத் தோல் போதும்.

## கடையில் வாங்கிய வாட்டுக் கோழி

இதை ஒரு தெரிவாகச் சேர்ப்பதில் எனக்குக் கூச்சமில்லை. அமெரிக்கப் பேரங்காடியான காஸ்ட்கோவில் நெடுங்காலமாக 4.99 டாலருக்கு விற்கப்படும் வாட்டிய முழுக் கோழியை வாங்கி, சதையைப் பிய்த்து, எலும்பை முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்துச் சாறு எடுத்தால், முதல் முறையின் கிரேவிக்கு மிக அருகில் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். ஒரே எச்சரிக்கை உப்பு. இத்தகைய கோழிகள் உப்புநீரில் ஊறியவை. சாற்றை வற்றவைத்தால் உப்பு ஏறிவிடும். ஆகவே கிரேவியைச் சுவைத்துப் பார்ப்பதற்கு முன் உப்பைத் தொட வேண்டாம். கடையில் வாங்கிய பொரித்த கோழி வேறு விஷயம்: அது கோழிப் பிரச்சினையைத் தீர்க்கும், ஆனால் கிரேவிக்கு எதையும் தராது.

## அட்டவணையில்

| அளவுகோல் | வேகவைத்தது | பொரித்தது | ஓவனில் வாட்டியது | கடைக் கோழி |
|---|---|---|---|---|
| கிரேவியின் ஆதாரம் | எலும்புச் சாறு. மிக வளமானது | வாணலிப் படிவு, பால். ஆழப் பொரித்தால் வலுவில்லை | தட்டுச் சாறு. வளமானது, அளவு குறைவு | எலும்புச் சாறு. உப்பு அதிகம் |
| பரிமாறும் நேரத்தில் கோழிக்கான வேலை | ஏறக்குறைய இல்லை | முழு நேரமும் | மிகக் குறைவு | ஏறக்குறைய இல்லை |
| மொறுமொறுப்பு | இல்லை | மிக அதிகம், விரைவில் குறையும் | தோலில் மட்டும் | இல்லை |
| தகுந்த ஆள் எண்ணிக்கை | ஆறும் அதற்கு மேலும் | இரண்டு முதல் நான்கு | நான்கு முதல் ஆறு | நான்கு முதல் ஆறு |
| மறைவான செலவு | சதை பிய்க்கும் வேலை, நேரம் | எண்ணெய், வாடை, தெர்மாமீட்டர் | ஓவன் இட நெருக்கடி | உப்புக் கட்டுப்பாடு |
| மறுநாள் | மிக நன்று | 200 டிகிரி ஓவனில் கால் மணி நேரம் வைத்தால் பரவாயில்லை | நன்று | நன்று |

மறுநாள் விஷயத்தில் ஒரு சொல்: சாற்றுக் கிரேவி குளிர்பதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள் தாங்கும், பால் கிரேவி இரண்டாம் நாளே இறுகி, சூடாக்கினால் திரிதிரியாகப் பிரியப் பார்க்கும். எதுவானாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது.

## வாஃபிள் எது

கோழியைத் தீர்மானித்தபின் வாஃபிளைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும். கிரேவிக்கான வாஃபிளில் சர்க்கரையும் வனிலாவும் வேண்டாம் என்பது இங்கே பொது விதி. கடைகளில் கிடைக்கும் தயார் மாவுக் கலவைகளும், 1953-இல் வந்த எகோ முதலான உறைய வைத்த வாஃபிள்களும் காலை உணவுக்கான இனிப்பை உள்ளே வைத்திருப்பதால் கிரேவியோடு சேர்ந்து வாயில் நெருடும். சிரப் ஊற்றும் ஹார்லெம் வழிக்கு அவை தடையில்லை.

பேக்கிங் பவுடரும் கெட்டி மோரும் சேர்த்த மாவு அரைமணி நேர வேலை. 250 கிராம் மைதா, 50 கிராம் கார்ன்ஃப்ளார், இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, முக்கால் தேக்கரண்டி உப்பு. இரண்டு முட்டை, 450 மில்லி மோர், 100 கிராம் உருக்கிய வெண்ணெய். மாவு திட்டுத் திட்டாக இருந்தாலும் போகட்டும், அதிகம் அடித்தால் வாஃபிள் சவசவவென்று ஆகிவிடும். ஈஸ்ட் மாவோ முந்தைய இரவே கரைத்து வைக்க வேண்டியது. புளித்த மணமும் மெல்லிய, நொறுங்கும் மேற்பரப்பும் அதன் சிறப்பு. தோசை மாவைப் புளிக்கவைத்துப் பழகியவர்களுக்கு அதன் போக்கு உடனே பிடிபடும். வெப்பமான ஊரில் இரவு முழுதும் வெளியே வைத்தால் பொங்கி வழிந்து புளிப்பேறிவிடும் என்பதால் அங்கே குளிர்பதனப் பெட்டியே நல்லது. வேகவைத்த கோழிக்கு ஈஸ்ட் வாஃபிள், பொரித்த கோழிக்கு மோர் வாஃபிள் என்று பொருத்துவது என் விருப்பம். மோரில் ஊறிய கோழியும் மோர் வாஃபிளும் ஒரே புளிப்பில் இணைகின்றன. சாற்றுக் கிரேவியின் மென்மைக்கு ஈஸ்டின் மணம் எடுப்பாக இருக்கிறது.

சாதனத்தில் இருவகை. ஆழக் குழிகள் உள்ள, திருப்பிப்போடும் பெல்ஜிய வகை 1964-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவில் பரவியது. குழியில் கிரேவி தேங்கும், உட்புறம் மெத்தென்று இருக்கும். ஆழமில்லாத பழைய வகை மெல்லியதாக, மொறுமொறுவென்று வரும், ஆனால் கிரேவி ஊற்றிய மூன்றாம் நிமிடம் தளர்ந்துவிடும். இதற்காகப் புதுச் சாதனம் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் இருப்பது எதுவோ அதில் செய்து, பெல்ஜிய வகையானால் கிரேவியைச் சற்று நீர்க்கவும், மெல்லிய வகையானால் சற்றுக் கெட்டியாகவும் வைத்துக்கொண்டால் சரியாகும். சாதனத்துக்கு அழுத்திப் பீய்ச்சும் எண்ணெய்ப் புட்டிகளைத் தவிர்த்துவிடுங்கள்; அவற்றில் உள்ள லெசிதின் என்னும் கொழுப்புப் பொருள் ஒட்டாப் பூச்சின் மேல் பிசினாகப் படிந்து, நாளடைவில் ஒட்டத் தொடங்கும். தூரிகையால் தடவிய எண்ணெய் போதும்.

ஆவி நிற்பதே வாஃபிள் வெந்ததற்கான அடையாளம். சாதனத்தின் பச்சை விளக்கை நம்பி ஆவி வரும்போதே திறந்தால் வாஃபிள் இரண்டாகப் பிளந்து மேலும் கீழும் ஒட்டிக்கொள்ளும். எடுத்த வாஃபிள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தங்கள் ஆவியிலேயே நமத்துப்போகும் என்பதால், 95 டிகிரி ஓவனில் கம்பித் தட்டின் மேல் ஒரே வரிசையாக வைக்க வேண்டும்.

## எந்த வீட்டுக்கு எது

ஆறு பேருக்கு மேல் விருந்து, சமைப்பவர் ஒருவர், கிரேவிதான் முதன்மை என்றால் வேகவைத்த முறையைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். முதியவர்களும் பல் முளைக்கும் பருவத்துக் குழந்தைகளும் உண்ணப்போகிறார்கள் என்றாலும் அதுவே பொருந்தும். நான்கு பேருக்குள், சமையலறையில் இரண்டு பேர், காற்றோட்டம் நன்றாக உண்டு, மேசையில் சிரப் கேட்பவர்களும் இருக்கிறார்கள் என்றால் வார்ப்பிரும்பு வாணலியில் பாதி மூழ்கப் பொரிப்பதே சிறந்தது. எண்ணெய் வேண்டாம், ஆனால் மொறுமொறுப்பு கொஞ்சமாவது வேண்டும் என்பவர்களுக்கு ஓவன். வேலை முடிந்து மாலை ஆறரைக்கு வீட்டுக்கு வந்து எட்டு மணிக்குச் சாப்பிட வேண்டிய நாளுக்குக் கடைக் கோழி.

இரண்டு முகாம்களையும் ஒரே மேசையில் திருப்திப்படுத்த வேண்டிய நிலையும் வரும். அப்போது கோழியை வேகவைத்துச் சாற்றுக் கிரேவி செய்துவிட்டு, நான்கு தொடைத் துண்டுகளை மட்டும் தனியே ஓவனில் வாட்டி வைக்கலாம். வாஃபிள் மாவு இருவருக்கும் ஒன்றே. கிரேவியையும் சிரப்பையும் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து, வாஃபிள் சாதனத்திலிருந்து வரவர அவரவர் தட்டில் போட்டு, ஊற்றுவதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். எல்லோருக்கும் சேர்த்து வார்த்து முடித்தபின் ஒன்றாகப் பரிமாறலாம் என்று காத்திருந்தால் முதல் வாஃபிள் அரைமணி நேரப் பழையதாகியிருக்கும்.